நகராத வயிற்றுக்கு எந்த மருந்தை முதலில் தேடுவது?

அன்று காலை அத்தைக்குச் சாப்பிடக் கொடுத்தது இரண்டு இட்லி. பார்த்தால் வீட்டு இட்லி மாதிரியேதான் இருந்தது. உள்ளே டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு கலந்திருந்தது. மேல்நாட்டில் இந்தச் சோதனைக்கு முட்டை வெள்ளைக்கருவும் ரொட்டியும் ஜாமும் கொடுப்பார்கள். நம் பக்கம் சில மருத்துவமனைகளில் இட்லி. சாப்பிட்டு முடித்தவுடன் கேமரா முன்னால் ஒரு படம், அப்புறம் ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டில் ஒன்று, நான்கில் கடைசி. நான்காவது மணி முடியும்போது வயிற்றில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. அத்தைக்கு 38 சதவீதம் தங்கியிருந்தது.

"காலைல சாப்பிட்டது இன்னும் அங்கயேவா உக்காந்திருக்கு கண்ணு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். இரண்டு வருஷமாக எல்லோரும் கேஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைத்தது: கேஸ்ட்ரோபரேசிஸ். வழியில் அடைப்பு எதுவும் இருக்காது, ஆனாலும் வயிறு உணவை வெளியே தள்ளாது. அத்தைக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. வயிற்றை இயக்கும் நரம்புகளை அது மெல்ல மெல்ல அரித்திருக்கிறது.

அந்த இரண்டு வருஷத்தில் ஒரு கிளினிக்கில் லெவோசல்பிரைடு கலந்த மாத்திரையை மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதலில் வலது கை நடுங்கியது. பிறகு காபி டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. மருந்தை நிறுத்திய பின் நடுக்கம் அடங்க நான்கு மாதம் ஆனது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வந்து உட்காரும் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் இப்படிப் பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்ததும் மருந்தியல்தான். வீட்டில் நடக்கும்போது எனக்கே உடனே தோன்றவில்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நானும் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஒரு சிறிய மருந்து ஆராய்ச்சித் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் பெங்களூரில் மருந்து ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் ஓசூரிலிருந்து தினமும் பொம்மசந்திரா வந்து போகிறார்; மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்காருவோம். குறி வைத்திருப்பது, உயிர்த்தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு உதவும் மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் 'பிக்' நிதி: அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய், 18 மாதம். இந்தப் பணத்தில் ஒரு மருந்தைக் கடைக்குக் கொண்டுவர முடியாது. ஒரு யோசனை நிற்குமா விழுமா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் எந்த யோசனை என்பதைச் சரியாக முடிவு செய்தாக வேண்டும். மேசையில் நான்கு வழிகள் இருந்தன. மூன்று மாதம் பேசினோம்.

முதலில் வயிறு என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பாதி ஆட்டுக்கல். நிமிடத்துக்கு மூன்று முறை என்ற தாளத்தில் சுருங்கிச் சுருங்கி அரைக்கும். அந்தத் தாளத்தைப் போடுவது தசைக்குள் வலைபோல் பரவியிருக்கும் கஹால் செல்கள். வாசலில் இருக்கும் பைலோரஸ், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அரைபட்டதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சாப்பிடாத நேரத்தில் சுமார் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய அலை ஒன்று வந்து மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிவிடும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நோயாளிக்குத் தெரிவது ஒன்றுதான்: நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது, குமட்டுகிறது, வாந்தி வருகிறது. வேறு வேறு பழுதுகள் ஒரே முகத்தோடு வருகின்றன. இந்த நோய்க்கு மருந்து தேடப் போனவர்கள் பலர் வழுக்கி விழுந்தது இங்கேதான்.

இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த ஒரே மருந்து இன்றும் மெட்டோகுளோப்பிரமைடுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் பழையது. நாளடைவில் முகமும் நாக்கும் தன்னிச்சையாக அசையும் டார்டிவ் டிஸ்கைனீசியா வரலாம் என்பதால் 2009-ல் அதன் மேல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை ஏறியது; எஃப்டிஏ தரும் எச்சரிக்கைகளில் அதுதான் கடுமையானது. 12 வாரத்துக்கு மேல் கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஐரோப்பா 2013-ல் ஐந்து நாளாகவே சுருக்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய்க்கு ஐந்து நாள் மருந்து.

இனி வழிகள். முதலாவது, செரோடோனின் பாதை. செரோடோனின் என்றதும் மூளைதான் நினைவுக்கு வரும். ஆனால் உடலில் இருப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் குடல் பக்கம் இருக்கிறது. 5-எச்டி4 என்ற ஏற்பியைத் தூண்டினால் நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் கூடுதலாகச் சுரந்து தசை நன்றாகச் சுருங்கும். இந்தப் பாதையில் முதலில் புகழ் பெற்றது சிசாப்ரைடு. 1993-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, வயிறு நகர்ந்தது, எல்லோரும் எழுதினார்கள். அப்புறம் இதயம் நிற்க ஆரம்பித்தது. 1999 முடிவு வரை 341 பேருக்கு இதயத் துடிப்புக் கோளாறு என்றும் அதில் 80 பேர் இறந்தார்கள் என்றும் எஃப்டிஏவுக்குத் தகவல் வந்திருந்தது. 2000-ல் அங்கே விற்பனை நின்றது. இந்தியாவில் தடை வந்தது 2011-ல்.

என்ன நடந்தது என்பதைப் புதிதாக மருந்து செய்ய வருகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிசாப்ரைடு குடலில் பிடிக்க வேண்டிய ஏற்பியோடு சேர்த்து, இதயத் தசையில் ஹெர்க் என்ற பொட்டாசியம் வாயிலையும் அடைத்தது. துடித்து முடித்த தசை மறுபடி தயாராக அந்த வாயில் வழியாகத்தான் பொட்டாசியம் வெளியேற வேண்டும். அடைத்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும், சிலருக்குத் தாளம் தப்பும். அதோடு, கல்லீரலில் இந்த மருந்தை உடைப்பது பெரும்பாலும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி. கூடவே எரித்ரோமைசினோ கீட்டோகொனசோலோ சாப்பிட்டால் அந்த நொதி முடங்கி, ரத்தத்தில் சிசாப்ரைடு பல மடங்கு ஏறிவிடும். இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் புது மூலக்கூறை முதல் மாதத்திலேயே ஹெர்க் சோதனைக்கு அனுப்புகிறோம் என்றால், அதற்குப் பின்னால் சிசாப்ரைடைப் போன்ற மருந்துகளும் அவற்றால் செத்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து வந்த டெகசெரோட் வேறு விதமாக அடிபட்டது. மலச்சிக்கல் உள்ள பெண்களுக்காக 2002-ல் வந்தது. சோதனைகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது, மருந்து எடுத்த 11,614 பேரில் 13 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 7,031 பேரில் ஒருவருக்கும் இதய, மூளை ரத்தநாளச் சிக்கல் வந்திருந்தது. சின்ன எண்தான், ஆனாலும் 2007-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இதற்கெல்லாம் பிறகு வந்தது புருகலோப்ரைடு: 5-எச்டி4 ஏற்பியை மட்டும் தேர்ந்து பிடிக்கிறது, ஹெர்க் பக்கம் போவதில்லை என்று சொல்லும் அளவுக்குப் பலவீனமாகத்தான் தொடுகிறது. 2009-ல் ஐரோப்பா, 2018-ல் அமெரிக்கா. இரண்டு இடத்திலும் அனுமதி மலச்சிக்கலுக்கு. நம் ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது.

வயிற்றுக்கு வேலை செய்யுமா? பெல்ஜியத்தில் 34 பேரை வைத்து நடந்த சோதனை 2019-ல் வெளியானது. பெரும்பாலும் காரணம் தெரியாத வகை நோயாளிகள். அறிகுறியும் குறைந்தது, வயிறு காலியாவதும் வேகப்பட்டது. இரண்டும் சேர்ந்து நடப்பது இந்தத் துறையில் அபூர்வம். ஆனால் கனடாவில் 15 பேரை வைத்து, பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள், நடந்த சிறிய சோதனையில் வயிறு வேகமாகக் காலியானது, அறிகுறி மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அத்தை இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். அதனால் இதை மறைத்துவிட்டு முதல் சோதனையை மட்டும் திட்டத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வழி ஹார்மோன். அண்ணனுக்கு இதில்தான் காதல். மேலே சொன்னேனே, பெரிய அலை, அதைக் கிளப்பிவிடுவது மோட்டிலின் என்ற ஹார்மோன். எரித்ரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக் அதே ஏற்பியில் போய் உட்காருகிறது. 1990-ல் பெல்ஜியக் குழு ஒன்று சர்க்கரை நோயாளிகளுக்கு அதை ரத்தக்குழாய் வழியாக ஏற்றியபோது, தேங்கிக் கிடந்த வயிறு ஆரோக்கியமானவர்களின் வயிற்றைப் போலக் காலியானது. இன்றும் மருத்துவமனையில் அவசரத்துக்கு இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் சில வாரத்திலேயே ஏற்பி மரத்துப்போய்விடும். ஆன்டிபயாட்டிக்கை ஆண்டுக்கணக்கில் தருவதும் சரியில்லை, அதுவும் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கும் நம் நாட்டில்.

ஆன்டிபயாட்டிக் குணத்தைக் கழற்றிவிட்டு மோட்டிலின் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் பல கம்பெனிகள் முயன்றன. ஏபிடி-229 என்ற மூலக்கூறு அறிகுறியைக் குறைக்கவில்லை; சிலருக்குக் கூட்டியது. எப்போதும் இழுத்துப் பிடித்து வைத்தால் வயிற்றின் மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்காமல் போவது ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம் காமிசினால் வந்தது, வயிற்றை வேகப்படுத்தியது, மனிதர்களில் மூன்று கட்டமாக நடக்கும் சோதனையில் இரண்டாம் கட்டத்தோடு நின்றது. பக்கத்து வீடான கிரெலின் என்ற ஹார்மோனின் கதையும் இப்படித்தான். 1999-ல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது; அதைப் போலச் செய்த ரெலமோரெலின் என்ற ஊசி மருந்து மூன்றாம் கட்டம் வரை போனது. முந்தைய கட்டத்தில், ஜெயித்ததா என்று தீர்மானிக்க முன்கூட்டியே குறித்துவைத்த முதன்மை அளவான வாந்தியில் வெற்று ஊசியை விஞ்சவில்லை, குமட்டல், வலி, உப்புசம் முதலான மற்ற அறிகுறிகளில் விஞ்சியது. 2020-ல் மூன்றாம் கட்டச் சோதனைகளைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு இந்த வழியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எலியிலும் சுண்டெலியிலும் மோட்டிலின் அமைப்பே வேலை செய்வதில்லை. பரிணாமத்தில் அந்த மரபணு சிதைந்துபோய்விட்டது. எலிக்கு வாந்தியும் வராது. ஆக, உலகம் முழுக்க மருந்து சோதிக்கும் விலங்கு இந்த நோய்க்கு இரண்டு விதத்திலும் உதவாது. ஜப்பானில் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்த விலங்கு எது தெரியுமா? நம்ம மூஞ்சூறு. பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்கும் அதே மூஞ்சூறுதான். அதற்கு மோட்டிலினும் உண்டு, கிரெலினும் உண்டு, வாந்தியும் எடுக்கும். இரவில் சமையலறை ஓரமாகக் கீச்சென்று ஓடுவதைத் துரத்தியே பழகிய எனக்கு அந்த ஆய்வைப் படித்த பிறகு அதைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. ஆனால் வீட்டில் ஓடுவதைப் பிடித்துப்போய்ச் சோதிக்க முடியாது. முறையான வளர்ப்பகம் வேண்டும், விலங்கு நெறிக்குழு அனுமதி வேண்டும். எங்கள் பதினெட்டு மாதத்தில் பாதி அதிலேயே போய்விடும். மாற்று ஒன்றை அண்ணன் சொன்னார்: எடைக் குறைப்பு அறுவையில் வெட்டி எடுக்கும் வயிற்றுத் துண்டை நோயாளியின் ஒப்புதலோடு வாங்கி, உயிரோடு இருக்கும்போதே உப்புக் கரைசலில் தொங்கவிட்டுச் சுருக்கத்தை அளக்கலாம். நல்ல யோசனை, மனிதத் திசுவிலேயே பதில் கிடைக்கும். ஒரு பிற்பகலுக்குள் உயிர் போய்விடும் திசுவில், வாரக்கணக்கில் நடக்கும் மரத்துப்போதலை எப்படி அளப்பது என்று கேட்டேன். அண்ணன் பேசாமல் காபியைக் குடித்தார்.

மூன்றாவது வழி வயிற்றை விட்டுவிட்டுக் குமட்டலைப் பிடிப்பது. மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் என்கே1 என்ற ஏற்பியை அடைத்தால் குமட்டல் அடங்கும். கீமோதெரபி வாந்திக்கு அப்ரெபிட்டன்ட் இப்படித்தான் வேலை செய்கிறது. டோபமைனைத் தொடுவதில்லை என்பதால் கை நடுக்கப் பயம் இல்லை; எனக்கு அதுவே பெரிய விஷயம். அதையே இந்த நோய்க்குக் கொடுத்து அமெரிக்காவில் 126 பேரை வைத்து நடந்த சோதனை 2018-ல் வெளியானது. முதன்மை அளவில் தோற்றது, வேறு சில அளவுகளில் நன்றாக வந்தது. அதே வகையைச் சேர்ந்த டிராடிபிட்டன்ட் இரண்டாம் கட்டத்தில் ஜெயித்து மூன்றாம் கட்டத்தில் தோற்றது. 2024 செப்டம்பரில் எஃப்டிஏ அதை இந்த நோய்க்கு அனுமதிக்க மறுத்தது. இடையில் நடந்த ஒரு வழக்கு மருந்து செய்பவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டியது. 12 வாரத்துக்கு மேல் மனிதருக்குக் கொடுக்க வேண்டுமானால், எலி அல்லாத விலங்கில் ஒன்பது மாத நச்சுச் சோதனை வேண்டும் என்றது எஃப்டிஏ. அதற்காக நாய்களைக் கொல்ல மாட்டோம் என்று கம்பெனி நீதிமன்றம் போனது. 2020-ல் தீர்ப்பு எஃப்டிஏ பக்கம் வந்தது. நாள்பட்ட நோய்க்குப் புது மூலக்கூறு என்றாலே இந்தச் செலவும் இந்த மனச்சங்கடமும் வந்தே தீரும்.

குமட்டல் வழியை நான் ஒதுக்கியது வேறு காரணத்துக்காக. அத்தை இன்சுலின் போடுகிறவர். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டால், மருந்து தன் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். உணவு வயிற்றிலேயே கிடக்கும். ஒரு நாள் மதியம் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது. குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. வயிறு நிறையச் சோறு இருந்தும் ரத்தத்தில் சர்க்கரை இல்லை. இரவு பத்து மணிக்கு அதே அளவு 310. குமட்டலை மட்டும் அடக்கினால் அவருக்கு முகம் தெளியும், சாப்பிடுவார். இந்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், அதிகம் சாப்பிடுவதால் கூடவும் கூடலாம். சர்க்கரை இல்லாமல் இந்த நோய் வந்தவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்களுக்கு என்கே1 நல்ல வழியாக இருக்கலாம். ஆனால் 2023-ல் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை. அவர்களில் சிறு பங்குக்குத்தான் வயிறு இப்படி ஆகும் என்றாலும் எண்ணிக்கை பெரிது. இந்தியாவில் உட்கார்ந்து இந்த நோய்க்கு மருந்து தேடினால் அவர்களை மனதில் வைத்துத்தான் தேட வேண்டும்.

நான்காவது, பழைய மருந்தைப் பழுது பார்ப்பது. டோம்பெரிடோன் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, பேன்டோபிரசோலோடு சேர்த்து ஒரே மாத்திரையாக. இதுவும் டோபமைன் ஏற்பியை அடைப்பதுதான், ஆனால் மூளைக்குள் அதிகம் நுழையாது, அதனால் நடுக்கம் குறைவு. ஆனால் இதுவும் க்யூடியை நீட்டும். ஐரோப்பா 2014-ல் 10 மில்லிகிராம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரம் என்று எல்லை போட்டது. இங்கேயோ கேஸுக்கு மாதக்கணக்கில் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஈசிஜி எடுக்காமல் அப்படிச் செய்யாதீர்கள் என்று இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இதைச் சீர்படுத்த அமெரிக்காவில் ஒரு குழு டோம்பெரிடோனில் சில ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான டியூடீரியத்தை வைத்துப் பார்க்கிறது. கனமான பிணைப்பை நொதி மெதுவாகத்தான் உடைக்கும், ரத்தத்தில் அளவு சீராக இருக்கும் என்பது கணக்கு. இந்த உத்தியில் முதன்முதலில் அனுமதி பெற்றது 2017-ல் வந்த டியூடெட்ரபெனசின்; அது இன்று டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கும் மருந்து. மெட்டோகுளோப்பிரமைடு கொண்டுவரும் அதே கோளாறு. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. இருந்தாலும் நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குச் சிகிச்சைப் பலன் கூடியிருப்பதைக் காட்டினாலொழிய உரிமை தராது. நோயாளிகளின் பக்கம் நிற்கும் அந்தப் பிரிவை நான் மதிக்கிறேன். எங்கள் முதலீட்டாளர் மதிக்கமாட்டார்.

வேரையே பிடிக்கும் ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. நோயாளிகளின் வயிற்றுத் தசையில் கஹால் செல்கள் குறைந்திருப்பதையும், அவற்றைக் காக்கும் ஒரு வகை மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் குறைந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் நோயே மாறலாம். ஆசையாக இருக்கிறது, 50 லட்சத்தில் அடங்காது.

சரி, எதை எடுத்தாலும் ஜெயித்தோமா என்று எப்படி அளப்பது? வயிறு காலியாகும் வேகத்துக்கும் நோயாளி படும் பாட்டுக்கும் நேரான உறவு இல்லை என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. எஃப்டிஏ 2015-லும் 2019-லும் கொடுத்த வழிகாட்டுதல், நோயாளி தினமும் எழுதும் அறிகுறிக் குறிப்பேட்டைத்தான் முதன்மை அளவாகக் கேட்கிறது: குமட்டல், வாந்தி, சீக்கிரம் நிறைந்துவிடுதல், சாப்பிட்ட பின் திம்மென்றிருத்தல், மேல்வயிற்று வலி. வெற்று மாத்திரை எடுத்தவர்களும் கணிசமாகத் தேறுகிறார்கள் என்பதால் வித்தியாசத்தைக் காட்டுவது கடினம்.

அந்தக் குறிப்பேட்டைத் தமிழில் கொண்டுவர ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தோம். 'குமட்டல்' என்று எழுதி அத்தையிடம் காட்டினேன். "குமட்டல் எனக்கு இல்லயே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப தினமும் காலைல சொல்வீங்களே, அது என்ன அத்தை?" "அது வயித்தப் பொரட்டுறது. குமட்டுறதுன்னா ஏதாச்சும் நாத்தம் அடிச்சா வரும்." ஓங்கரிப்பு என்றால் அவருக்கு வாந்தி வராமல் வெறுமனே எக்குவது. எதுக்களிப்பு என்றால் புளித்து மேலே வருவது. வயிறு புரட்டும் நோயாளி குமட்டலுக்குப் பூஜ்யம் போட்டால், நல்ல மருந்தும் தோற்றுப்போகும். ஸ்ரீராமபுரத்தில் ஒரு பாட்டி இதற்கு வேறு சொல் வைத்திருக்கலாம், கன்னடம் பேசுகிற நோயாளிக்கு வேறு. எந்த மருந்தைத் தேர்ந்தாலும் முதல் மூன்று மாதம் இந்தச் சொற்களைச் சேகரிக்க வேண்டும் என்பதில் மட்டும் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து.

என் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் ஒரு நாள் மாலை அத்தை வாந்தி எடுத்தார். முந்தைய இரவு சாப்பிட்ட அவரைக்கொட்டை தோலோடு வந்தது. அதோடு காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரை, ஓரம் மட்டும் கரைந்து, கிட்டத்தட்ட முழுசாக வந்தது. கழுவி ஒரு காகிதத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலில். வயிறே தாண்டவிடாது என்றால் எவ்வளவு நல்ல மூலக்கூறாக இருந்தும் என்ன? நகராத வயிற்றை நகர்த்தும் மருந்து, அந்த வயிற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. ரெலமோரெலின் ஊசியாகப் போனது, மெட்டோகுளோப்பிரமைடு 2020-ல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக அனுமதி பெற்றது. விழுங்காமல் கொடுக்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

ஆகவே நான் முன்வைத்தது முதல் வழியையும் நான்காவது வழியையும் சேர்த்தது: புருகலோப்ரைடை விழுங்காமல் கொடுப்பது. ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் போதும், அதனால் வாயில் வைத்தால் கரையும் ஒரு சின்னப் படலத்தில் அடக்கிவிடலாம். பாதியளவு வெளியேறவே சுமார் ஒரு நாள் ஆகும், ஒரு வேளை போதும். கல்லீரல் நொதியை அதிகம் நம்பாமல் பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே போய்விடுகிறது, சிசாப்ரைடுக்கு நேர்ந்த மோதல் இதற்கு இல்லை. அதே காரணத்தால் சிறுநீரகம் கெட்ட சர்க்கரை நோயாளிக்கு அளவைப் பாதியாக்க வேண்டும். தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும். மனிதரில் பல வருஷம் பார்த்த மருந்து என்பதால் நச்சுச் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2019 விதிகளின்படி அனுமதி பெற்ற மருந்தின் புதுக் கொடுக்கும் வழியும் புது மருந்துதான், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போகத்தான் வேண்டும். ஆனால் எடுத்துக்கொண்டு போக நிறையத் தரவு ஏற்கெனவே இருக்கிறது.

அண்ணனின் எதிர்ப்பு நியாயமானது. "இது கண்டுபிடிப்பு இல்லம்மா, பொட்டலம் மாத்துறது. கனடா சோதனைல சர்க்கரைக்காரங்களுக்கு அறிகுறி குறையலயே, அதுக்கு என்ன சொல்ற?" என்றார். நான் சொன்னது: அந்தச் சோதனையில் மருந்து மாத்திரையாகத்தான் போனது. வயிற்றில் எத்தனை மணிக்குத் தாண்டியது, ஒவ்வொருவர் ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று நமக்குத் தெரியாமல் அதை மூலக்கூறின் தோல்வி என்று எழுத முடியாது. அதற்காக வெற்றி என்றும் எழுத முடியாது. படலம் வேலை செய்யாவிட்டால் 18 மாதத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும். மோட்டிலின் வழியில் தோற்றால் ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் தோற்போம். மூன்று பேர் என் பக்கம் வந்தார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார், மனிதத் திசுச் சோதனையையும் சின்ன அளவில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சேர்த்துவிட்டோம், அதில் எனக்கும் சந்தோஷம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, இந்த மூலக்கூறு வாயின் மெல்லிய தோலைத் தாண்டுமா என்பது. இது காரத்தன்மை உள்ள அமைன், எச்சிலின் அமில அளவில் பெரும்பகுதி மின்னேற்றத்தோடு இருக்கும், அப்படி இருப்பது கொழுப்புச் சுவரை எளிதில் கடக்காது. படலத்துக்குள் கொஞ்சம் காரம் சேர்த்துச் சரி செய்ய முடியுமா என்று பன்றிக் கன்னத்தின் உட்புறத் தோலில் சோதிக்கப் போகிறோம். அது தேறாவிட்டால் மூக்கு.

போன வாரம் கடையிலிருந்து வாய்மணத்துக்கான புதினாப் படலம் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். மருந்து எதுவும் இல்லாதது. நாக்கின் கீழ் வைக்க வருமா என்று பார்க்க அத்தையிடம் கொடுத்தேன். எனக்கு வைத்தவுடன் கரைந்தது. அத்தைக்கு ஐந்து நிமிடம் ஆகியும் கரையவில்லை. வாயைத் திறந்து காட்டினார், படலம் சுருண்டு ஒரு ஓரமாக ஒட்டியிருந்தது.

"எச்சில் எங்க இருக்கு கண்ணு, காலைலேர்ந்து நாக்கு வறண்டு கெடக்கு" என்றார். வாந்தியும் சர்க்கரையும் சேர்ந்தால் வாய் காயும் என்பதை நாங்கள் ஐந்து பேரும் திட்டத்தின் நாற்பது பக்கத்தில் ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தோம். இந்த முறை நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.